நனைந்த ஆடு ஏன் சுருங்குவதில்லை?

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை நமக்குத் தெரியும். ஓநாயை விடுங்கள், அந்த ஆட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. சுத்தக் கம்பளி ஸ்வெட்டரைச் சுடுதண்ணீரும் சோப்புத்தூளும் போட்டு வாஷிங் மெஷினில் ஓடவிட்டால் என்ன ஆகும்? அப்பா போட்டுக்கொண்டிருந்தது பிள்ளைக்கும் பத்தாத அளவுக்குச் சுருங்கி, தடித்து, விறைத்து வெளியே வரும். எவ்வளவு இழுத்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. அதே மயிரை உடம்பெல்லாம் சுமந்துகொண்டு ஆடு மாதக்கணக்கில் மழையில் நிற்கிறது. அது சுருங்குவதில்லையே, ஏன்?

ஸ்வெட்டருக்கு நேர்ந்தது விபத்து. அதையே வேண்டுமென்று, கைக்கணக்கோடு செய்தால் கிடைக்கும் துணிதான் ஃபெல்ட். இதற்கு நூல் நூற்க வேண்டாம், தறி வேண்டாம், ஊடும் பாவும் கிடையாது. மயிரை விரித்து, சுடுதண்ணீர் தெளித்து, சோப்புப் போட்டு, அழுத்தி உருட்ட வேண்டும், அவ்வளவுதான். மங்கோலிய மேய்ச்சல்காரர்களின் வட்டக் கூடாரங்களைப் போர்த்தியிருப்பது அதுதான். பியானோவுக்குள் கம்பியைத் தட்டும் சுத்தியல்களின் தலையில் இருப்பதும் அதுதான். நம் ஊர் ஸ்டேஷனரிக் கடைகளில் ஃபெல்ட் ஷீட் என்று விற்கும் வண்ணத் துண்டுகள் பெரும்பாலும் பாலியெஸ்டர். அவற்றுக்கும் ஆட்டுக்கும் சம்பந்தமில்லை; அவை உருவாகும் வழி வேறு, அதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் ஒரு சோதனை. உதிர்ந்த தலைமுடி நீளமாக ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, விரல்களின் நீளவாக்கில் அதை வைத்து, லேசாக அழுத்தியபடி விரல்களை முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். நீங்கள் இரண்டு பக்கமும் சமமாகத்தான் தேய்க்கிறீர்கள். ஆனால் முடி ஒரே பக்கமாக நகர்ந்து வெளியே வரும். தலையில் முளைத்திருந்த வேர்ப்பக்கம் முன்னே போகும், நுனி பின்னால் இழுபட்டுக்கொண்டு வரும். முடியைத் திருப்பி வைத்துத் தேய்த்தால் நகரும் திசையும் திரும்பும். கண்ணுக்கு இரண்டு முனையும் ஒன்றுபோலத் தெரிகிற முடிக்கு ஒரு திசை இருக்கிறது என்பதை விரல் இப்படிக் காட்டிக்கொடுக்கிறது.

இதைக் கவனித்து எழுதியவர் பிரெஞ்சுக் கணித மேதை காஸ்பார் மோன்ஜ். இன்றைய பொறியியல் மாணவர்கள் வரைபடப் பாடத்தில் படிக்கும் வடிவியலுக்கு அடித்தளம் போட்டவர் அவர்தான். 1790-ல், தொப்பி செய்கிறவர்களின் கையில் மயிர் எப்படித் துணியாகிறது என்று ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் காலத்து நுண்ணோக்கியில் மயிர் வழவழப்பாகவே தெரிந்தது. விரலோ வேறு சொன்னது. மோன்ஜ் விரலை நம்பினார். மயிரின் மேல், வேரிலிருந்து நுனியை நோக்கிச் சாய்ந்தபடி, ஒன்றின் மேல் ஒன்றாகச் செதில்கள் அடுக்கியிருக்க வேண்டும் என்று கணித்தார். பிற்காலத்தில் வந்த எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் அந்தச் செதில்களைப் பள்ளிப்பிள்ளைகூட எண்ணிவிடலாம். கருவியில் தெரியாததைக் கைத்தொழில்காரர்களின் அனுபவத்திலிருந்தும் தன் விரலிலிருந்தும் எடுத்துக்கொண்ட அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்தது.

மெரினோ ஆட்டின் மயிர் ஏறத்தாழ 17 முதல் 24 மைக்ரான் தடிமன் இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் 1,000 மைக்ரான். நம் தலைமுடி அதைவிட மூன்று நான்கு மடங்கு தடிப்பு. அந்த மெல்லிய இழையின் மேல் படிந்திருக்கும் செதிலின் விளிம்பு 1 மைக்ரானுக்கும் குறைவான உயரமே எழும்பி நிற்கும். நுனியை நோக்கிச் சாய்ந்திருப்பதால், வேரிலிருந்து நுனிப்பக்கமாகத் தடவினால் உராய்வு குறைவு. நுனியிலிருந்து வேர்ப்பக்கமாகத் தடவினால் உராய்வு கூடுதல். ஆட்டுக்கு இதனால் ஆதாயம் உண்டு. மயிருக்குள் புகுந்த தூசியும் அழுக்கும் அது அசைய அசைய வெளியே தள்ளப்படும், உள்ளே போகாது.

இப்போது அந்த மயிரை ஆட்டிலிருந்து கத்தரித்து, ஆயிரக்கணக்கான இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுக் குலுக்கினால் என்ன நடக்கும்? ஒவ்வோர் இழையும் வேர்ப்பக்கமாக மட்டும் ஊர்ந்து போகும், திரும்பி வராது. கரடுமுரடான காட்டில் நடந்து வந்தால் வேட்டியில் ஒட்டிக்கொள்ளும் ஊசிப்புல்லை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் நடக்க நடக்க அது துணிக்குள் மேலே மேலே ஏறும். எந்த அசைவும் அதைக் கீழே இறக்குவதில்லை. குலுக்கல் எந்தத் திசையில் இருந்தாலும் நகர்வு ஒரே திசையில்தான். இழைகள் இப்படி ஒன்றை ஒன்று ஊடுருவிப் பின்னிக்கொள்ளும்போது இடையில் இருக்கும் வெற்றிடம் குறைகிறது. அதுதான் சுருக்கம். ஓர் இழையைப் பின்னோக்கி இழுத்தால் அதைச் சுற்றியுள்ள அத்தனை இழைகளின் செதில்களும் எதிர்த்து நிற்கும். சுருங்கிய ஸ்வெட்டர் விரியாததற்குக் காரணம் இதுவே.

தண்ணீர் எதற்கு, சோப்பு எதற்கு? கம்பளி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் சங்கிலிகளைக் கந்தக அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்துப் பிணைத்திருக்கின்றன. இவை வலுவான பிணைப்புகள். இவற்றோடு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்ற பலவீனமானவையும் ஏராளம். தண்ணீர் உள்ளே புகுந்தால் இந்தப் பலவீனப் பிணைப்புகள் விடுபடும், இழை பருத்து நெகிழ்ந்து எளிதாக வளையும். வெப்பம் இதை விரைவுபடுத்தும். ஆனால் தண்ணீர் உள்ளே புகுவது அவ்வளவு சுலபமில்லை. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சக்கூடியது. அப்போதும் தொட்டால் ஈரம் தெரியாது. அப்படிப்பட்ட உட்புறத்தின் மேல், ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே உள்ள கொழுப்புப் படலம் போர்த்தியிருக்கிறது. கம்பளியில் விழும் மழைத்துளி முத்தாக நிற்பது இதனால்தான். சோப்பு தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையைத் தளர்த்தி அதை இழைகளுக்கு இடையே நுழைய வைக்கிறது. சோப்பின் காரத்தன்மை இழையை இன்னும் கொஞ்சம் பருக்க வைக்கிறது. தேய்க்கும் கை வழுக்கிக்கொண்டு போகவும் அதே சோப்புதான் உதவுகிறது.

ஆடு ஏன் சுருங்கவில்லை என்பதற்கு இனி விடை சொல்லலாம். ஆட்டின் மேல் இருக்கும் ஒவ்வொரு மயிரின் வேரும் தோலில் நட்டிருக்கிறது. எல்லா மயிரும் ஒரே திசையில் நிற்கின்றன. வேர்ப்பக்கமாக ஊர வேண்டிய இழைக்கு ஊர வழியில்லை. லேனோலின் என்ற ஆட்டு மெழுகு வேறு மேலே பூசியிருக்கிறது. ஆனால் இதற்கு விதிவிலக்கு உண்டு. நோயினாலோ தீனி குறைந்தோ சில ஆடுகளுக்கு மயிர் வேரோடு விடுபட்டும் உதிராமல் உள்ளேயே தங்கிவிடும். அப்போது ஆட்டின் மேலேயே மயிர் பாய்போலத் திரண்டுவிடும். நீண்ட கூந்தலில் விழும் சடைச்சிக்கிலும், உதிர்ந்தும் விழாமல் தங்கிய முடிகளுக்குப் பங்கு இருக்கிறது.

* * *

கையால் ஃபெல்ட் செய்கிறவர் மயிரை மெல்லிய படலமாக விரித்து, அதன் மேல் குறுக்குவாட்டில் இன்னொரு படலம், மறுபடி நெடுக்குவாட்டில் ஒன்று என்று அடுக்குவார். விரித்தபோது அது பஞ்சுமேகம், ஊதினால் பறக்கும். சுடுசோப்புத் தண்ணீர் தெளித்ததும் அப்படியே படிந்து தரையோடு தரையாகும். இந்தக் கட்டத்தில் அழுத்தித் தேய்த்தால் கெட்டது. இழைகள் இன்னும் ஒன்றையொன்று பிடிக்கவில்லை. அழுத்தம் அவற்றை ஒதுக்கிக் குவித்துவிடும். உள்ளங்கை தண்ணீரின் மேல் மிதப்பதுபோலத்தான் வருட வேண்டும். சிறிது நேரம் கழித்து மேற்பரப்பை இரு விரலால் கிள்ளித் தூக்கிப் பார்ப்பார்கள். இழைகள் தனித்தனியாக எழும்பி வந்தால் இன்னும் ஆகவில்லை. முழுப் படலமும் தோல்போல ஒன்றாக எழும்பினால், அழுத்தத் தொடங்கலாம். அதன் பிறகு பாயில் சுருட்டி, கட்டி, உருட்டுவார்கள். எந்தத் திசையில் உருட்டுகிறார்களோ அந்தத் திசையில் கூடுதலாகச் சுருங்கும். அதனால் நாலு பக்கமும் மாற்றி மாற்றிச் சுருட்ட வேண்டும். 40 செ.மீ. சதுரமாக விரித்தது 28 செ.மீ. சதுரமாக வந்தால் பரப்பு பாதியாகிவிட்டது என்று பொருள். சுருக்கத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டு விரிப்பதில்தான் தேர்ந்த கைக்கும் புதுக் கைக்கும் உள்ள வேறுபாடு தெரியும். தையலே இல்லாத தொப்பியும் காலணியும் இந்தக் கணக்கில்தான் உருவாகின்றன.

கம்பளித் துணி எதுவும் காலத்தை எளிதாகத் தாண்டுவதில்லை. துணிப்பூச்சியின் புழு கெரட்டினைச் செரிக்கக்கூடிய சில உயிர்களில் ஒன்று. அதன் குடல் மிகுந்த காரத்தன்மை கொண்டது. மேலே சொன்ன கந்தகப் பிணைப்புகளை அங்கே அறுத்துவிடுகிறது. அப்படியிருந்தும் சைபீரியாவின் அல்தாய் மலையில், பாசிரிக் என்ற இடத்துப் புதைமேடுகளில், ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முந்தைய ஃபெல்ட் வேலைகள் நிறம்கூட மங்காமல் கிடைத்தன. 1929-ல் தொடங்கிய அகழாய்வை 1947 முதல் 1949 வரை செர்கெய் ருதென்கோ தொடர்ந்தார். பழைய காலத்திலேயே திருடர்கள் அந்தக் கல்லறைகளை ஓட்டை போட்டுத் தங்கத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி உறைந்து, கரையாத பனிக்கட்டியாக நின்றது. பூச்சிக்கும் பூஞ்சைக்கும் அங்கே வேலையில்லாமல் போயிற்று.

ஐந்தாம் மேட்டில் கிடைத்த சுவர்த்திரை சுமார் 4.5 மீட்டருக்கு 6.5 மீட்டர். சிம்மாசனத்தில் கிளையைக் கையில் பிடித்தபடி ஒரு தெய்வ உருவம், அதன் எதிரே குதிரைமேல் ஒரு வீரன். இந்தக் காட்சி திரை முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறது. வண்ண ஃபெல்ட்டை வெட்டி வெள்ளை ஃபெல்ட்டின் மேல் வைத்துத் தைத்த வேலை. அதே மேட்டில் ஃபெல்ட்டால் செய்து உள்ளே மான்மயிர் திணித்த அன்னங்களும் இருந்தன. இவை இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் எர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பார்க்கிறவர்கள் வீரனின் மீசையையும் குதிரையின் வாலையும் வியப்பார்கள். நான் பார்க்கச் சொல்வது வெட்டிய ஓரங்களை. நெய்த துணியைக் கத்தரித்தால் ஓரத்தில் நூல் பிரியும். மடித்துத் தைத்தாக வேண்டும். ஃபெல்ட்டில் பிரிய நூலே இல்லை. கத்தி போன வழியே ஓரம். வளைந்த கொம்பையும் கூரிய அலகையும் அவ்வளவு துல்லியமாக வெட்டி வைக்க முடிந்தது இதனால்தான்.

* * *

அந்த வெட்டும் தையலும் இன்றும் உயிரோடு இருக்கும் இடம் கிர்கிஸ்தான். அங்கே இரண்டு வகை விரிப்புகள் உண்டு. அலா-கியீஸ் என்பதில், அரைகுறையாக இறுகிய வண்ணப் படலத்தைக் கோலமாக அடுக்கி, அடிப்படலத்தோடு சேர்த்து உருட்டுவார்கள். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று ஊர்ந்து ஒரே துணியாகிவிடும். கோலத்தின் ஓரம் கொஞ்சம் கலங்கித் தெரியும். ஷிர்தாக் இதற்கு நேர்மாறு. இரண்டு நிறத்தில் முழுதாக முடிந்த ஃபெல்ட் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரே வெட்டில் இரண்டையும் வெட்டுவார்கள். சிவப்பிலிருந்து எடுத்த ஆட்டுக்கொம்பு வடிவம் கறுப்பின் குழிக்குள் போகும். கறுப்புக் கொம்பு சிவப்பின் குழிக்குள் போகும். ஒரு துண்டும் வீணாவதில்லை. நிறம் மாறிய இரட்டையர்களாக இரண்டு விரிப்புகள் கிடைக்கும்.

இரண்டு நிறமும் சேரும் கோட்டை மறைக்கத் தைக்கும் கயிற்றைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பின்னல் சடைபோலத் தெரியும் அது பின்னலே அல்ல. வலப்புறம் முறுக்கிய நூல் ஒன்று, இடப்புறம் முறுக்கிய நூல் ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்துத் தைத்திருப்பார்கள். முறுக்கிய நூல் எப்போதும் பிரிந்து சுழலப் பார்க்கும். எதிரெதிர் முறுக்குகள் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடுவதால் கயிறு சுருளாமல் தட்டையாகப் படிகிறது. பிறகு முழு விரிப்பையும் அடியில் ஒரு தடித்த ஃபெல்ட்டோடு சேர்த்து ஊசித்தையலால் வரிவரியாகத் தைப்பார்கள். இது அலங்காரத்துக்கு மட்டும் அல்ல. ஃபெல்ட் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையை அவ்வளவாகத் தாங்காது. இழைகள் மெல்ல நழுவும். குறுக்கே போகும் தையல் அந்த நழுவலைத் தடுக்கிறது. ஷிர்தாக் பல பத்தாண்டுகள் உழைப்பது தையலின் தயவில்தான்.

இவ்வளவையும் ஒருத்தி தனியாகச் செய்ய முடியாது. ஈரமான கம்பளி கனக்கும். கோரைப்பாயில் சுருட்டிய உருளையைக் கயிறு கட்டி இழுக்க ஒருவர், காலால் மிதித்து உருட்ட இரண்டு மூன்று பேர், சுடுதண்ணீர் ஊற்ற ஒருவர் வேண்டும். பிறகு மண்டியிட்டு, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அழுத்தி, தோளோடு தோளாகப் பெண்கள் உருட்டுவார்கள். மங்கோலியாவில் உருளையைக் குதிரையோ ஒட்டகமோ புல்வெளியில் இழுத்துக்கொண்டு போகும். கிர்கிஸ் ஊரில் ஒரு வீட்டு வேலைக்கு அக்கம்பக்கத்தார் கூடுவார்கள். அடுத்த முறை அந்த வீட்டார் போவார்கள். உழைப்பைப் பகிரும்போது தொழிலும் பகிரப்படுகிறது. சிறுமி தண்ணீர் ஊற்றியபடியே எல்லாவற்றையும் பார்க்கிறாள். ஏட்டில் எழுதி வைக்காத இந்த அறிவு இருபது நூற்றாண்டுக்கு மேல் நிலைத்ததற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சங்கிலி இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. 2012-ல் யுனெஸ்கோ இந்த இரண்டு விரிப்புக் கலைகளையும் அவசரமாகப் பாதுகாக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. செய்கிறவர்களில் பெரும்பாலோர் 40 வயதைத் தாண்டிய பெண்கள், இளையவர்களுக்கு ஆர்வம் குறைவு, மலிவான செயற்கைக் கம்பளங்கள் சந்தையை நிறைத்துவிட்டன, நல்ல கம்பளியும் கிடைப்பதில்லை என்பவை அப்போது சொல்லப்பட்ட காரணங்கள்.

* * *

நம் நாட்டில் இதற்கு இணை காஷ்மீரின் நம்தா. ஃபெல்ட்டின் மேல் பூவும் கொடியும் சங்கிலித் தையலில் போட்ட தரைவிரிப்பு. ராஜஸ்தானின் டோங்க்கிலும் குஜராத்தின் கட்ச்சிலும் நம்தா செய்கிறார்கள் என்றாலும், இந்தத் தையல் வேலைக்குப் பேர்போனது காஷ்மீர்தான். அங்கே தைக்கப் பயன்படும் கொக்கி ஊசியின் பெயர் ஆரி. ஆமாம், மதுரையிலும் கோவையிலும் கல்யாண ப்ளவுஸுக்கு ஆரி ஒர்க் போடுகிறார்களே, அதே ஊசி, அதே தையல்தான். நூல் துணிக்கு அடியில் இருக்கும். மேலிருந்து இறங்கும் கொக்கி ஒரு வளையத்தை இழுத்துக்கொண்டு வரும். அடுத்த வளையம் முந்தைய வளையத்துக்குள் புகுந்து வரும். அரிசி மூட்டையின் வாயைத் தைப்பதும் இந்தச் சங்கிலிதான். சரியான முனையைக் கண்டுபிடித்து இழுத்தால் மூட்டை சரசரவென்று பிரிந்துவிடும் அல்லவா? ப்ளவுஸில் இந்த ஆபத்து உண்டு. அதனால்தான் முடிச்சில் அவ்வளவு கவனம். ஃபெல்ட்டில் அந்த ஆபத்து குறைவு. ஊசி போட்ட துளையைச் சுற்றி இழைகள் நெருக்கி நூலைப் பிடித்துக்கொள்கின்றன. ஊடு பாவு இல்லாததால் கொக்கி எந்தத் திசையிலும் ஒரே மாதிரி ஓடும். நம்தாவின் கொடிகள் அப்படி வளைந்து வளைந்து போவதற்கு அடியில் உள்ள துணியும் காரணம்.

எம்பிராய்டரியை ஃபெல்ட் ஆன பிறகு போடுகிறார்களே, முன்பே போட்டால் என்ன? போடலாம். அரைகுறையாக இறுகிய படலத்தில் கம்பளி நூலால் தைத்துவிட்டு உருட்டினால், நூலும் சேர்ந்து ஊர்ந்து துணியோடு கலந்துவிடும். தையல் என்றே தெரியாது. பருத்தி நூலாலோ பட்டு நூலாலோ தைத்திருந்தால் கதை வேறு. அவற்றுக்குச் செதில் இல்லை, அவை சுருங்காது. அடியில் துணி பாதியாகச் சுருங்கும்போது தையல் நீளம் மாறாமல் மேலே குமிழ்ந்து எழும்பும். இன்றைய கலைஞர்கள் சிலர் அந்தக் குமிழ்ப்பையே வேண்டித் தைக்கிறார்கள். இந்தக் கணக்கின் உச்சம் நூனோ என்ற முறை. 1990-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் பாலி ஸ்டர்லிங் என்ற கலைஞர் தன் உதவியாளரோடு சேர்ந்து உருவாக்கியது. மெல்லிய பட்டுத்துணியின் மேல் கம்பளியை விரித்துத் தேய்த்தால், கம்பளி இழைகள் துணியின் கண்கள் வழியே மறுபுறம் போய்ப் பிடித்துக்கொள்ளும். பிறகு கம்பளி சுருங்க, சுருங்க மாட்டாத பட்டு அலையலையாக மடியும். ஷிபான், ஜார்ஜெட் போன்ற கண்ணுள்ள துணிகள் இதற்கு ஏற்றவை. காஞ்சிபுரம் பட்டின் நெருக்கமான நெசவு இழைக்கு வழிவிடாது.

நம்தாவில் பருத்தியும் கலப்பார்கள். பருத்தி தானாக ஊராது. கம்பளி அதையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். பருத்தி அளவு மீறினால் விரிப்பு மிதிபட மிதிபட உதிரும். 1998-க்கும் 2008-க்கும் இடையில் நம்தா ஏற்றுமதி ஏறத்தாழ அடியோடு நின்றுபோனதாக மத்திய அரசே பதிவு செய்திருக்கிறது. கச்சாப்பொருள் தட்டுப்பாடு, தேர்ந்த கைகள் இல்லாமை, விற்பனை வழி தெரியாமை என்று மூன்று காரணம் சொன்னது. 2021-ல் பயிற்சித் திட்டம் ஒன்றும் தொடங்கியது. பயிற்சி நல்லதுதான். ஆனால் கம்பளியின் தரம் சரியில்லாமல் எந்தப் பயிற்சியும் நல்ல நம்தாவைத் தராது என்பது மேலே பார்த்த இயற்பியலிலேயே இருக்கிறது.

ஃபெல்ட்டின் வரலாற்றில் இருண்ட பக்கமும் உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தொப்பிகளுக்கு முயல் மயிரைப் பயன்படுத்தினார்கள். முயல் மயிர் வழுக்கும், எளிதில் பின்னிக்கொள்ளாது. பாதரச நைட்ரேட் கரைசலைப் பூசினால் அதன் கந்தகப் பிணைப்புகள் அறுந்து, மயிர் சுருண்டு, நன்றாக இறுகும். ஆனால் காய வைக்கும்போதும் ஆவியில் வேகவைக்கும்போதும் பாதரச ஆவி எழும். கனெக்டிகட் மாநிலத்துத் தொப்பி நகரமான டேன்பரியில் தொழிலாளர்களின் கைநடுக்கத்தை அந்த ஊர்ப் பெயராலேயே அழைத்தார்கள். நடுக்கம், ஈறு வீக்கம், கூச்சம், காரணமில்லாத கோபம் என்று அந்த நஞ்சு ஆளையே மாற்றிவிடும். பாதிப்பு மருத்துவர்களுக்குத் தெரிந்தே பல பத்தாண்டுகள் ஓடின. அமெரிக்காவில் தொப்பித் தொழிலில் பாதரசத்துக்குத் தடை வந்தது 1941 டிசம்பரில்தான். போர்க்காலத்தில் வெடிமருந்துக்குப் பாதரசம் தேவைப்பட்டதும் அதற்கு ஒரு காரணம். மாற்றாக ஹைட்ரஜன் பெராக்சைடு இருந்தது. தொழிலாளியின் கைநடுக்கம் மட்டுமே போதிய காரணமாகத் தோன்றவில்லை என்பதை மன்னிக்க முடியாது.

* * *

தண்ணீரே இல்லாமலும் ஃபெல்ட் செய்யலாம். அதற்கென்றே ஓர் ஊசி உண்டு. அதன் பக்கங்களில், நுனியை நோக்கிச் சிறு வெட்டுக்கள் இருக்கும். குத்தும்போது அவை இழைகளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போகும். வெளியே எடுக்கும்போது விட்டுவிடும். மயிரில் செதில் செய்யும் வேலையை இங்கே ஊசியே செய்துவிடுவதால் பாலியெஸ்டரும் ஃபெல்ட் ஆகும். கடையில் வாங்கும் வண்ண ஷீட்டுகளும், சாலைக்கும் ரயில் பாதைக்கும் அடியில் மண் கலக்காமல் இருக்க விரிக்கும் துணிகளும் ஆயிரக்கணக்கான ஊசிகள் ஏறி இறங்கும் இயந்திரத்தில் இப்படித்தான் உருவாகின்றன. 1980-களில் அமெரிக்காவில் அந்த இயந்திர ஊசியில் ஒன்றைக் கையில் எடுத்துச் சிலர் பொம்மை செய்யத் தொடங்க, அது வீட்டுக் கலையாகிவிட்டது.

இங்கிலாந்தின் கெண்டல் நகரில் ஆபட் ஹால் காட்சியகத்தை நடத்திய மேரி பர்கெட், துருக்கியிலும் ஈரானிலும் பார்த்த ஃபெல்ட் வேலைகளைத் திரட்டி 1979-ல் ஒரு கண்காட்சியும் நூலும் கொண்டுவந்தார். அதைப் பார்த்தவர்கள் ஒன்றுகூடித்தான் 1984-ல் ஃபெல்ட் கலைஞர்களின் சர்வதேசச் சங்கம் பிறந்தது. ஐரோப்பிய நகரங்களில் மறந்துபோயிருந்த தொழிலை மேய்ச்சல்காரப் பெண்களிடமிருந்து கற்றுக்கொண்டு மீட்டார்கள் என்பதை அந்தக் கலையைப் பேசும் இடமெல்லாம் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் ஃபெல்ட் மரபு பெரிதாக இல்லை. மேச்சேரி, கீழக்கரிசல், வேம்பூர் ஆடுகளின் உடம்பில் இருப்பது குட்டையான, முரட்டு மயிர். அப்படிப்பட்ட மயிரின் நடுவில் பெரும்பாலும் வெற்றுக்குழல் ஓடும், வளையாது, பின்னாது. கோவைப் பக்கத்துக் குரும்பை ஆடு முரட்டுக் கம்பளி தரும். மென்மயிர்க் கம்பளி தருவது நீலகிரி ஆடு ஒன்றுதான். 19-ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஆட்டோடு மெரினோவும் வேறு சீமை இனங்களும் கலந்து உருவான இனம். எண்ணிக்கை மிகவும் குறைந்துபோன அந்த இனத்தைச் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் வைத்துக் காப்பாற்றிவருகிறார்கள். ஆரி ஊசி பிடிக்கத் தெரிந்த பெண்கள் தெருவுக்குத் தெரு இருக்கும் மாநிலத்தில், அந்தக் கம்பளியையும் இந்தக் கையையும் சேர்த்துவைக்க யாராவது முயல வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் நூற்காத மெரினோ கம்பளி வாங்குங்கள். சூப்பர்வாஷ் என்று எழுதியிருந்தால் வேண்டாம். குளோரினில் செதிலின் விளிம்பை அரித்து மேலே பிசின் பூசியது அது, எவ்வளவு தேய்த்தாலும் இறுகாது. குளிக்கிற சோப்பும் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீரும் போதும். நாலு பேராகச் சேர்ந்து செய்யுங்கள். நம்தா வாங்கப் போனால், ஓர் ஓரத்தை இரு விரலால் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். இழைகள் தனியாக வந்தால் வாங்காதீர்கள். இதில் கம்பளி எவ்வளவு, பருத்தி எவ்வளவு என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் கூடினால்தான் கலப்படம் செய்யாத கைவினைஞருக்கு உரிய விலை போய்ச் சேரும்.